மேஸ்திரி கழற்றிய செருப்பு

பன்னிரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது. சர்க்கரைக் குடோனில் மூட்டை தூக்கும் ஒட்டகம் என்கிறவனுக்கு, அவன் மேஸ்திரி தரவேண்டிய கூலிப் பாக்கி அது. அந்தத் தொகையைத்தான் எஸ்.ஐ. தன் அறிக்கையில் "கொலை முயற்சிக்கான காரணம்" என்று எழுதி, அடியில் கோடும் இழுத்திருந்தார்.

கோடு போட்ட அந்தக் காகிதத்தின் நகலைப் பார்த்ததிலிருந்து மேடத்தின் உதவியாளன் பிளேடுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல மேடம். பணம் தரவேண்டியவன் மேஸ்திரி. வாங்கவேண்டியவன் ஒட்டகம். தரவேண்டியவன் வாங்கவேண்டியவனைப் போட்டுத் தள்ளினா அதுல ஒரு லாபம் இருக்கு. இவன் எதுக்கு அவனைத் தள்ளணும்? பொணம் எழுந்து வந்து பாக்கியைக் குடுக்குமா?"

"கோவத்துல இருக்கிறவன் லாப நட்டம் பாப்பானா?" என்றார் மேடம், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

மேடம் முன்பு போலீஸில் இன்ஸ்பெக்டர். மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, தையற்கடைக்கு மேலே ஒரு அறை பிடித்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறார். பிளேடு ஒரு காலத்தில் பஸ்ஸில் பர்ஸ் அடித்துப் பிழைத்தவன். மேடத்தின் கையாலேயே பலமுறை உள்ளே போனவன். கடைசித் தடவை, "உன்னைப் பிடிச்சுப் பிடிச்சு எனக்கே அலுத்துப்போச்சு. பேசாம என்கிட்ட வேலைக்கு வந்துடு" என்றுவிட்டார். இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. விரல்கள் மட்டும் இன்னும் நரைக்கவில்லை. சும்மா இருந்தால் மேஜையைத் தட்டும், பொத்தானைத் திருகும், பக்கத்தில் இருப்பவர் பையை மோப்பம் பிடிக்கும்.

கீழே தையல் மெஷின்கள் ஓடுகிற அதிர்வில் மேஜைமேல் இருந்த டம்ளர் நடுங்கிக்கொண்டே இருந்தது. எதிரே ஒட்டகத்தின் சம்சாரம் நின்றுகொண்டிருந்தாள். சலவைக் கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள். உட்காரச் சொன்னாலும் உட்காரத் தெரியவில்லை.

"அன்னைக்கு மத்தியானம் கூலி கேட்டிருக்காரு மேடம். மேஸ்திரி இல்லைன்னுட்டாரு. 'உன்னை இந்த மூட்டைக்குள்ளயே பொதைக்கிறேன் பாரு'ன்னு இந்த மனுசன் எல்லார் முன்னாடியும் கத்தியிருக்காரு. சாயந்தரம் பாத்தா மேஸ்திரி மூட்டைக்கு அடியில கெடக்குறாரு. அப்ப குடோன்ல இருந்தது இவரு ஒருத்தர்தான்."

"வெளியே எடுத்தது யாரு?"

"அதுவும் இவருதான். முதுகுல போட்டுக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடிவந்து வண்டி பிடிச்சிருக்காரு."

பிளேடு துள்ளினான். "பாத்தீங்களா மேடம்? கொல்றவன் கொன்னுட்டு வண்டியும் பிடிச்சுக் குடுப்பானா? என்ன, டோர் டெலிவரியா?"

"பண்ணிட்டு அப்புறம் பயந்திருப்பான்னு எஸ்.ஐ. சொல்றாரு," என்றாள் அவள். "அதுகூடப் பரவாயில்ல. 'நீதானே பண்ணினே?'ன்னு கேட்டதுக்கு இந்த ஆளு 'ஆமா சார், கொல்லணும்னுதான் மூட்டைக் கொக்கியை எடுத்துக்கிட்டுப் போனேன்'னுட்டாரு. நேத்து பாக்கப் போனேன். ஏன்யா இப்படிச் சொன்னேன்னா, மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. இன்னைக்கு சாயந்தரம் நீதிபதி முன்னாடி நிறுத்தப்போறாங்களாம். அங்கயும் அதையேதான் சொல்வேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஸ்டேஷன்ல சொன்னதைக் கோர்ட்டுல உடைச்சிடலாம். நீதிபதிகிட்ட தன் வாயால சொல்லிட்டா உடைக்க முடியாது. மேஸ்திரி எப்படி இருக்காரு?"

"இடுப்பு நொறுங்கிப்போச்சாம். தலையில அடி. இன்னும் கண்ணைத் திறக்கல." "அவரு போயிட்டா இது கொலைக் கேசு ஆயிடுமாமே மேடம்?"

மேடம் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அதற்குள் பிளேடு பாதிப் படி இறங்கியிருந்தான்.

*

சர்க்கரைக் குடோனுக்கு ஒரு வாசனை உண்டு. முதலில் தித்திக்கும். கொஞ்ச நேரத்தில் திகட்டும். மேலே தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. மூட்டைகளைச் சுவர் போல வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அந்த அடுக்குக்கு அங்கே அட்டி என்று பெயர். ஒவ்வொரு அட்டியும் இரண்டு ஆள் உயரம். இடையில் ஆள் போக ஒரு சந்து. சந்து முழுக்க எறும்பு.

"இந்த அட்டிதான் மேடம்," என்றார் ஸ்டோர் கீப்பர். சட்டைப் பையில் கலர் கலராகப் பேனா, கழுத்தில் பவுடர், பவுடரில் வேர்வைக் கோடு. "மேஸ்திரி பாவம், கீழே இந்தச் சந்துல நின்னுக்கிட்டு இருந்திருக்காரு. அந்தப் பாவி பின்னாடி இருந்து மூட்டையைத் தள்ளிட்டான். அன்னைக்கு ராத்திரியே நான் எல்லாத்தையும் எடுத்து அடுக்க வச்சிட்டேன். மேனேஜர் வர்ற எடம், அலங்கோலமா கெடந்தா நல்லா இருக்காது பாருங்க."

"நல்ல சுத்தம்," என்றார் மேடம்.

அவர் பாராட்டினால் எதிராளி கவலைப்பட வேண்டும் என்பது பிளேடுக்குத் தெரியும். ஸ்டோர் கீப்பருக்குத் தெரியவில்லை. பல்லைக் காட்டினார்.

பிளேடு சந்துக்குள் போனான், வந்தான், மறுபடி போனான். சுவர் ஓரத்தில் குடிதண்ணீர்ப் பானை. பானைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு. ஒன்றின் வார் அறுந்து நைலான் நூலால் தைத்திருந்தது. இரண்டும் குதிகால் ஒட்ட ஒழுங்காக நின்றன. பிளேடு பர்ஸுக்கு வருவதற்கு முன்னால் செருப்பில்தான் கைப்பழக்கம் எடுத்தான். அதனால் செருப்பைப் பார்த்தால் அவனுக்குச் சொந்தக்காரர் ஞாபகம்தான் முதலில் வரும்.

"அண்ணே, இது யாருது?"

"அதுவா? மேஸ்திரியோடது. அவங்க வீட்டுல யாராச்சும் வந்தா குடுத்தனுப்பணும்."

மேடம் செருப்பைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். "செருப்புடன் மூட்டைகள் மீது ஏறக்கூடாது. இதையெல்லாம் இங்க கேக்குறாங்களா?"

"கேக்காம?" ஸ்டோர் கீப்பர் நெஞ்சை நிமிர்த்தினார். "திங்கிற பொருளாச்சே! தண்டம் போட்டுப் போட்டுப் பழக்கி வச்சிருக்கேன். மேனேஜரே ஏறினாலும் கழட்டிட்டுத்தான் ஏறுவாரு."

"கீழே நடக்கும்போது?"

"கீழே போட்டுக்கிட்டுத்தான் நடப்பாங்க மேடம். தரையெல்லாம் சாக்கு ஊசி, ஆணி. வெறுங்கால் வச்சா தொலைஞ்சுது."

"அப்ப மேஸ்திரி கீழே நின்னாரா, மேல ஏறினாரா?"

ஸ்டோர் கீப்பர் செருப்பைத் திரும்பிப் பார்த்தார்.

பிளேடுக்குக் கட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. "கீழே நின்ன ஆளுமேல மூட்டை விழுந்தா செருப்பும் காலோட சேந்து நசுங்கும். இது ஜோடியா, மாப்பிள்ளை மாதிரி ஓரமா நிக்குது. என்னங்க பண்ணினாரு மேஸ்திரி? 'கொஞ்சம் இரு ஒட்டகம், செருப்பைக் கழட்டி வச்சிட்டு வந்து படுத்துக்கிறேன், அப்புறமா தள்ளு'ன்னாரா?"

"மேல இருந்து... கீழ விழுந்திருப்பாரு..."

"விழுந்தா மூட்டைக்குப் பக்கத்துல கெடப்பாரு. அடியில எப்படிப் போனாரு?" என்றார் மேடம். "மேல நின்னவன் அடியில போகணும்னா நடுவுல வழி இருக்கணும்."

பிளேடு அட்டியை நிமிர்ந்து பார்த்தான். அவன் பழைய தொழிலில் நோட்டுக் கட்டு என்று ஒரு வித்தை உண்டு. மேலே ஒரு நல்ல நோட்டு, கீழே ஒரு நல்ல நோட்டு, நடுவில் வெறும் காகிதம். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு அது முழுக் கட்டு. அவன் கண்ணுக்கு அந்த அட்டி திடீரென்று நோட்டுக் கட்டாகத் தெரிந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு மூட்டையின் காதைப் பிடித்து முட்டி வைத்து இழுத்தான். மூட்டை தொப்பென்று காலடியில் விழுந்தது. அந்த ஓட்டைக்குள் கையை விட்டான். முழங்கை போனது. தோள் போனது. இன்னொரு மூட்டை தட்டுப்படவேண்டிய இடத்தில் சூடான காற்றுதான் இருந்தது.

"உள்ள ஒரு ரூமே இருக்கு மேடம். அட்வான்ஸ் வாங்கிட்டு வாடகைக்கு விடலாம்."

ஸ்டோர் கீப்பர் விழுந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். பேனாக்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் மேடம் எடுத்தேன். வெளிச்சுவர் அப்படியே இருக்கும், உள்ளதை மட்டும் உருவி வித்தேன். எண்ண வர்றவங்க வெளியில இருந்துதானே எண்ணுறாங்க? நடுவுல ரெண்டு பலகையைக் குறுக்கே போட்டு, அதுமேல ஒரு வரிசை மூட்டை. கல்லு மாதிரி நிக்கும்."

"மேஸ்திரி எதுக்கு ஏறினாரு?"

"சரக்கு கொறையுதுன்னு கம்பெனி கேட்டுச்சு. நான்... லோடு ஏத்துற ஆளுங்கதான் திருடுறாங்கன்னு சொல்லிட்டேன். கம்பெனி கூலி பில்லை நிறுத்திடுச்சு. மேஸ்திரி கையில காசு இல்ல. என் ஆளுங்க திருடமாட்டாங்க, நானே ஏறிப் பாத்துட்டு அவங்க கூலியை வாங்கிக் குடுக்குறேன்னு..."

பிளேடு மறுபடி அந்தச் செருப்பைப் பார்த்தான். கூலி தராத மேஸ்திரி, கூலிக்காகத்தான் ஏறியிருக்கிறார்.

"ஆனா மேடம், நான் திருடன்தான், கொலைகாரன் இல்ல!" ஸ்டோர் கீப்பர் அழுதே விட்டார். "ரெண்டு பலகையும் இருந்திருந்தா அவரு விழுந்திருக்கவே மாட்டாரு. ராத்திரி அடுக்கும்போதுதான் பாத்தேன், ஒரு பலகைதான் கெடந்துச்சு. இன்னொண்ணை எவனோ உருவியிருக்கான். அவன்தான் கொலைகாரன்!"

"அன்னைக்கு குடோன்ல என்ன வேலை நடந்துச்சு?"

"காலையில ஒரு லாரிக்கு லோடு. வேற ஒண்ணுமில்ல."

"லாரியில எதை வச்சு ஏறுவாங்க?"

"ஏத்துப் பலகைதான். அதுவேற அன்னைக்குன்னு பாத்து ரெண்டா ஒடஞ்சு..." அவர் சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினார். மற்ற இருவரும் திரும்பினார்கள். வாசலோரம் இரண்டு துண்டாகக் கிடந்தது உடைந்த பலகை.

"அப்ப லாரியில எதை வச்சு ஏறினாங்க?" என்றார் மேடம் மெதுவாக.

*

மேனேஜரை வரவழைத்து ஸ்டோர் கீப்பரை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, லாரி நிற்கும் இடத்துக்கு ஸ்கூட்டர் பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பிளேடுக்கு வாய் ஓயவில்லை.

"பலகையை உருவினவன்தான் ஆளு. கெடைச்சான்னா ஒட்டகம் வெளியே வந்துடுவான். கொஞ்சம் அழுத்திப் பிடிங்க மேடம், சைக்கிள்காரன் எல்லாம் நம்மள முந்துறான்."

டிரைவர் லாரிக்கு அடியில் படுத்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது ஒரு தொப்பையும் இரண்டு கால்களும் மட்டும். பிளேடு தொப்பையைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணே, சர்க்கரைக் குடோன்ல இருந்து ஒரு பலகை வந்துச்சா?"

தொப்பை அசையாமல் நின்றது. பிறகு தலை வெளியே வந்தது. "திருப்பிக் குடுக்கலாம்னுதான் இருந்தேங்க, சத்தியமா! எறக்குற எடத்துலயும் பலகை இல்லைன்னாங்க, அதான் கையோட எடுத்துப் போட்டுக்கிட்டேன். மேலதான் கெடக்கு. ஒரு பலகைக்கா ரெண்டு பேரு வந்திருக்கீங்க?"

"எங்க இருந்து எடுத்தீங்க அதை?" என்று கேட்டார் மேடம்.

"ஏத்துப் பலகை ஒடஞ்சிடுச்சு. வேற தேடினோம். ஒரு அட்டிக்கு நடுவுல பலகை நுனி ஒண்ணு துருத்திக்கிட்டு இருந்துச்சு. அவன்தான் பாத்தான். இழுத்தா வரல. கொக்கியை மாட்டி அவன் இழுக்க, நான் அவன் இடுப்பைப் பிடிச்சு இழுக்க, மெதுவா வந்துச்சு. மேல மூட்டை லேசா உக்காந்த மாதிரி இருந்துச்சு. ஆனா விழல."

"யாரு அண்ணே அந்த அவன்?" பிளேடின் விரல்கள் பரபரத்தன.

"பேரு தெரியாது. நெட்டையா, பிடரியில மூட்டை தூக்கித் தூக்கித் திமில் மாதிரி இருக்கும்..."

பிளேடின் விரல்கள் நின்றுவிட்டன.

"ஒட்டகம்," என்றார் மேடம்.

"அவனேதான்!"

லாரிக்குள் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தால் தேவலை என்று பிளேடுக்குத் தோன்றியது. யாரைத் தேடி இவ்வளவு தூரம் ஓடிவந்தார்களோ அவன் லாக்கப்பில் உட்கார்ந்துகொண்டு நேற்றிலிருந்து ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மேடம் நடந்ததைச் சொன்னதும் டிரைவரின் முகம் வெளுத்தது. "ஐயையோ! நானும் சேர்ந்து இழுத்தேனே! எனக்கு மூணு பொண்ணுங்க இருக்காங்க மேடம்!"

"இழுக்கும்போது உள்ள வெத்தா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அதுக்கு நேர் கீழயா நிப்போம்? ரெண்டு பேர் தலையும்ல போயிருக்கும்!"

"அதை அப்படியே ஞாபகம் வச்சுக்கங்க," என்றார் மேடம். முதல் முறையாக அவர் குரலில் ஒரு வேகம் வந்தது. "எப்ப கிளம்பினீங்க?"

"சாப்பாட்டு மணிக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்."

"அப்ப மேஸ்திரிக்கும் அவனுக்கும் சண்டை?"

"சண்டையா? அப்படி ஒண்ணும் இல்லையே. அவன் குஷியா இருந்தான். இன்னைக்குக் கூலி வந்துடும், சம்சாரம் நாளெல்லாம் இஸ்திரி சூட்டுல வேகுறா, வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்கணும்னு சொல்லிக்கிட்டே மூட்டை ஏத்தினான்."

"பலகையை எறக்குங்க. நீங்களும் அதுவும் கோர்ட்டுக்கு வர்றீங்க."

பிளேடு அவரை ஓரமாக இழுத்தான். "மேடம், நான் சொல்றதைக் கேளுங்க. கொல்லணும்னு நெனச்சவன் அவன். பலகையை உருவினவனும் அவன். எஸ்.ஐ.கிட்ட இல்லாத ஒண்ணை நாமளே சுமந்துக்கிட்டுப்போய்க் குடுக்கப்போறோம். பேசாம பலகையை ஒடைச்சு அடுப்புல போட்டுட்டு, 'நாங்க பாக்கல'ன்னுடலாம்."

"அந்தப் பலகைதான் அவனைக் காப்பாத்தப்போகுது. ஏறு வண்டியில."

*

கோர்ட் வராந்தாவில் கூட்டம். டிரைவர் பலகையோடு திரும்பிய பக்கமெல்லாம் யாராவது தலையைக் குனிந்தார்கள். வாசற்காவலர், "பலகைக்கு உள்ள அனுமதி இல்ல" என்றார். "இது சாட்சிங்க," என்றான் பிளேடு. "அப்ப ஓரமா நிக்கச் சொல்லு," என்றார் அவர்.

ஒட்டகம் சுவரோரம் தரையில் குந்தியிருந்தான். கையில் விலங்கு. மனைவி அருகில் நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

மேடம் எதையும் மறைக்காமல் எஸ்.ஐ.யிடம் சொன்னார். செருப்பு, உள்ளே வெற்றான அட்டி, பலகை, பலகையை உருவிய கை. கேட்கக் கேட்க எஸ்.ஐ.யின் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நன்றி மேடம்! ஸ்டோர் கீப்பரைத் திருட்டுல போட்டுக்கிறேன். கொலை முயற்சிக்கு இவன்தான். எண்ணம் இவனோடது, ஒத்துக்கிட்டான். செயலும் இவனோடது, நீங்களே சொல்லிட்டீங்க. எண்ணம், செயல், ரெண்டும் சேந்தா குற்றம். நமக்குப் பாடத்துல அதானே சொல்லிக் குடுத்தாங்க? ரெண்டும் ஒரே ஆளு!"

"ஒரே ஆளுதான்," என்றார் மேடம். "ஒரே நேரமா?"

எஸ்.ஐ. தன் அறிக்கையைப் புரட்டினார்.

"காலையில பலகையை உருவினப்ப இவன் மனசுல இருந்தது மின்விசிறி. உள்ள பள்ளம் இருக்குன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுக்கு அடியில நின்னிருக்கமாட்டான். மேஸ்திரியோட சண்டையே அப்ப வரல. அங்க செயல் இருக்கு, கெட்ட எண்ணம் இல்ல. மத்தியானம் சண்டை, சாயந்தரம் கொக்கியோட போறான். எண்ணம் இருக்கு. ஆனா கை என்ன செஞ்சுது? கொக்கியை ஓங்கிச்சா? மூட்டையைப் பொரட்டி ஆளை வெளியே எடுத்துச்சு. காலையில இருந்த கையையும் சாயந்தரம் வந்த மனசையும் ஒட்டுப்போட்டு ஒரு குற்றம் தைக்க முடியாது சார்."

"கொக்கியோட போனது முயற்சி இல்லையா?"

"போறது தயாராகுறது. பாதி வழியில மனசு மாறித் திரும்பினவனையெல்லாம் உள்ள போடணும்னா ஊர்ல யாரும் மிஞ்சமாட்டாங்க. நீங்களும் நானும் உட்பட."

கீழே இருந்து ஒரு கனத்த குரல் வந்தது. "அப்ப மேஸ்திரி விழுந்ததும் என்னாலதானா?"

எல்லோரும் ஒட்டகத்தை மறந்தே போயிருந்தார்கள். அவன் விலங்கு போட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். "நெனச்சதும் நான். பலகையை எடுத்ததும் நான். இதுக்குமேல என்ன வேணும்? உள்ள போய் நான்தான்னு சொல்லிடுறேன் மேடம். விடுங்க."

மேடம் வாயைத் திறப்பதற்குள் பிளேடு அவனெதிரே குந்தினான்.

"இங்க பாரு ஒட்டகம். டீக்கடையில ஒருநாள் என் குடைன்னு நெனச்சு இன்னொருத்தன் குடையை எடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தாத்தான் தெரியுது. நான் திருடினேனா?"

"இல்ல."

"பல வருசம் ஒரு நகைக்கடைக்கு எதிர்ல பிளாட்பாரத்துல படுத்திருக்கேன். தெனமும் கண்ணை மூடினா பூட்டை ஒடைப்பேன், பெட்டியைத் திறப்பேன், மூட்டை கட்டுவேன். விடிஞ்சா வெறுங்கையோட எழுந்திருப்பேன். நான் திருடினேனா?"

"இல்ல..."

"குடையை எடுத்த கையையும் நகைக்கடையை நெனச்ச மனசையும் சேத்து, இவன் நகைக்கடையைக் கொள்ளையடிச்சான்னு மேடம் என்னை உள்ள வச்சிருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா? நான் செஞ்சதுக்கே ஒத்துக்கிட்டது இல்ல. நீ செய்யாததுக்கு ஒத்துக்கிட்டு எங்க தொழிலையே கேவலப்படுத்துறியே!"

ஒட்டகத்தின் சம்சாரம் அழுகையினூடே சிரித்துவிட்டாள். பிறகு அவளும் தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பிளேடு பார்த்தது அப்போதுதான்.

"யோவ், என்னைப் பாரு. அவரை வெளியே இழுக்கும்போது என்ன நெனச்சே?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். "ஒண்ணும் நெனைக்கல. உள்ள போனேன். மூட்டைக்கு அடியில 'அம்மா'ன்னு ஒரு முனகல். கொக்கி எங்க விழுந்துச்சுன்னு தெரியல. கை முன்னாடி போயிடுச்சு."

"அதைச் சொல்லு," என்றார் மேடம். "உள்ள போய் 'கொன்னேன்'னு சொல்லாதே. காலையில இருந்து நடந்ததை வரிசையாச் சொல்லு. பலகையைச் சொல்லு, சண்டையைச் சொல்லு, கொக்கியையும் சொல்லு. ஒண்ணையும் மறைக்க வேண்டாம். தீர்ப்பை மட்டும் நீ சொல்லாதே. அதுக்குச் சம்பளம் வாங்குறவங்க உள்ள உக்காந்திருக்காங்க."

"நெனச்சதுக்கு என்ன தண்டனை மேடம்?"

"சட்டத்துல ஒண்ணும் இல்ல."

"இது என்னங்க சட்டம்!" என்றான் அவன், உண்மையாகவே திகைத்துப்போய்.

உள்ளே கூப்பிட்டார்கள். பிளேடு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். ஒருமுறை தன்னையறியாமல் எஸ்.ஐ.யின் பேனாவை எடுத்து, தானே திருப்பிக் கொடுத்தான். ஒட்டகத்தின் சம்சாரம் மூடிய கதவையே இஸ்திரி போடுகிறவள் மாதிரி கண்ணால் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. நீதிபதி அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டிரைவரையும் விசாரித்து, பலகையைக்கூட உள்ளே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாராம். கொலை முயற்சி என்பதற்கு முகாந்திரம் இல்லை என்று எழுதி ஒட்டகத்தை விடுவித்துவிட்டார். மேனேஜர் கூட்டிவந்த ஸ்டோர் கீப்பருக்குத் திருட்டோடு, ஆள் ஏறும் இடத்தில் பள்ளத்தை மறைத்துவைத்த குற்றமும் சேர்ந்தது.

கழற்றிய விலங்கைப் பிடித்துக்கொண்டு எஸ்.ஐ. முணுமுணுத்தார். "நல்லாத்தான் கோடு போட்டிருந்தேன்."

*

மேஸ்திரி கண் விழித்த சேதி வந்ததும் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இடுப்பிலிருந்து கால்வரை கட்டு. ஜன்னலோரக் கட்டில். மேஸ்திரியின் சம்சாரம் தலைமாட்டிலிருந்து ஒரு கவரை எடுத்து ஒட்டகத்திடம் நீட்டினாள்.

"கம்பெனி பில்லை விட்டுடுச்சு தம்பி. உங்க பாக்கி. சரியா இருக்கு."

ஒட்டகம் கையை நீட்டவில்லை. "வேணாங்க. மேஸ்திரி, அன்னைக்கு நான் கொக்கி எடுத்துட்டு வந்தது மூட்டை தூக்க இல்ல."

மேஸ்திரியின் சம்சாரத்தின் கை அந்தரத்தில் நின்றது. மேஸ்திரி கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்னைத் தூக்கும்போது கையில இருந்துச்சா?"

"இல்ல. கீழ போட்டுட்டேன்."

"பின்ன என்னடா?"

"நெனச்சதுக்கு சட்டத்துல தண்டனை இல்லையாம். எனக்கு இருந்தாத்தான் தூக்கம் வரும். பாக்கியை நீங்களே வச்சுக்கங்க. அபராதமா இருக்கட்டும்."

பிளேடு மேடத்தின் காதில், "இவனை நீதிபதியா போட்டா ஊரே காலி" என்றான். மேடம் அவன் காலை மிதித்தார்.

"யோவ்!" ஒட்டகத்தின் சம்சாரம் முன்னால் வந்தாள். "கோர்ட்டு போடாத அபராதத்தைப் போட நீ யாருய்யா? அந்த நீதிபதி அம்மா படிச்ச சட்டத்தைவிட உன் சட்டம் பெருசா? மூட்டை நீ தூக்கினே, சரி. கூலி வராத நாளெல்லாம் வாடகை கேக்க வந்தவங்ககிட்ட பல்லைக் காட்டினது யாரு? கடைக்காரன் வாசல்ல நின்னது யாரு? இதுல உன் வேர்வை பாதி, என் மானம் பாதி. நெனச்சது நீ மட்டும்தானே? உனக்கு அபராதம் வேணும்னா தனியா சம்பாதிச்சுக் கட்டு!"

கவரை வாங்கிப் பைக்குள் போட்டு, பையின் வாயைச் சுருக்கி, இரண்டு முடிச்சும் போட்டாள். பிறகு மேஸ்திரியின் சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுச்சுக்கா. உங்க பக்கம் ஒண்ணும் பாக்கி இல்ல," என்றாள்.

மேஸ்திரி சிரிக்கப் பார்த்தார். வலித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒட்டகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவன் இன்னும் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், கைகளைத் தொங்கவிட்டபடி நின்றுகொண்டிருந்தான்.

"உன் பக்கமும் இல்லடா. நான் சொல்றேன்ல? தள்ளி நில்லு, காத்தை மறைக்காதே."